கால் மாத்திரை

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவனால் தன் தலையை மறந்திருக்க இயலாது. சுவருக்குச் சுவர் கண்ணாடி. மேசைமேல் சாய்த்து நிறுத்திய கண்ணாடி. போதாக்குறைக்கு, வாடிக்கையாளர் கையில் கொடுக்கும் கைக்கண்ணாடி. புதுப் பிரேமை மாட்டிக்கொண்டு ஒருவர் இடமும் வலமும் திரும்பும்போது, அவருடைய காதுக்குப் பின்னால் கடைக்காரனின் உச்சந்தலையும் அழையாத விருந்தாளியாக வந்து நிற்கும்.

தெருவில் எல்லாராலும் கண்ணாடிக்காரன் என்று அழைக்கப்பட்டவன் அப்படித்தான் ஒரு நாள் தன் உச்சியில் காசளவு வட்டம் ஒன்றைக் கண்டான். அது எங்கே போய் முடியும் என்பது அவனுக்குத் தெரியும். அவனுடைய தந்தையின் தலையில் அது ஏற்கெனவே முடிந்திருந்தது. அவர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். அடுத்த தெருவில் தனியாகக் குடியிருந்து, இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கு மகன் வீட்டுக்கு வந்துபோவார். "வண்டி ஓட்டறவனுக்கு முன்னாடி பார்க்கத் தெரிஞ்சா போதும். மேல என்ன இருந்தா என்ன?" என்பது அவருடைய கட்சி. மகனுக்கு அந்தத் தெளிவு வாய்க்கவில்லை.

மனைவிக்கு அந்த வட்டம் ஒரு பொருட்டாகவே படவில்லை. அவள் ஆயத்த ஆடைப் பட்டறையில் துணி வெட்டுபவள். அடுக்கடுக்காக விரித்த துணியின்மேல் சுண்ணக் கோட்டைப் பார்த்து அவள் இயந்திரக் கத்தியை ஓட்டினால், மேலடுக்கும் அடியடுக்கும் இழை பிசகாமல் ஒன்றுபோல வரும். பட்டறையில் அவளை மாஸ்டர் என்பார்கள். திருமணமான புதிதில் கேலிக்காக அந்தப் பெயரை வீட்டுக்குள் கொண்டுவந்த கணவன், அதன்பின் வேறு பெயரைத் தேடவில்லை.

ஆகவே, மாத்திரையை வெட்டும் பொறுப்பு இயல்பாகவே மாஸ்டரிடம் வந்து சேர்ந்தது.

நீல நிறத்தில், சட்டைப் பொத்தானைவிடச் சிறிய மாத்திரை. நாளுக்குக் கால் பங்கு போதும் என்று அவன் எங்கோ படித்திருந்தான். அவன் வெட்டினால் ஒரு துண்டு பெரிதாகவும் ஒரு துண்டு சிறிதாகவும் ஆகும். ஒன்று கட்டிலுக்கு அடியில் போய்விடும். அவள் வெட்டினால் நான்கும் அச்சில் வார்த்தவை போலிருக்கும். காலையில் தேநீர் கொதிக்கும் நேரத்தில், பட்டறையில் கழித்துப்போட்ட கத்தியலகை மாத்திரையின் நடுவில் வைத்து ஓர் அழுத்தம். திருப்பி வைத்து இன்னோர் அழுத்தம். பலகையில் சிந்திய தூளையும் அவள் வீணாக்குவதில்லை. நூல் முனையை நாக்கில் நனைத்தே ஊசியில் கோத்துப் பழகியவள் அவள். விரல் நுனியை நாக்கில் தொட்டு, தூளை ஒற்றியெடுத்து, அவனுடைய கீழுதட்டில் தடவிவிடுவாள். பலகையில் மிச்சமிருந்தால் மறுபடியும் நாக்கு, மறுபடியும் தூள்.

"இது எதுக்குன்னு சொன்னீங்க?"

"முடிக்குச் சத்து."

"சத்து கொடுத்து வளர்க்கறோம். கடைசி வரைக்கும் நம்ம கூட இருக்குமா?"

"நீ தடவிவிட்டா இருக்கும் மாஸ்டர்."

ஓராண்டுக்கு மேலாக இது நடந்தது. முடியும் இருந்தது. வட்டம் காசளவிலேயே நின்றுவிட்டதால் கண்ணாடிக்காரன் கடையில் சீட்டியடிக்கத் தொடங்கினான். அந்த மாத்திரை எங்கிருந்து வருகிறது என்று மாஸ்டர் கேட்டதில்லை. அவன் அதை அட்டையிலிருந்து பிரித்து, பழைய கண்ணாடிப் பெட்டி ஒன்றில் போட்டு வைத்திருந்தான்.

மாஸ்டர் கருவுற்று மூன்றாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது, இரும்புச்சத்து மாத்திரை தீர்ந்துவிட்டது. வழக்கமாக மருந்துக்கடைக்குப் போகும் கணவனுக்கு அன்று கடையில் வேலை மிகுதி. அவளே போனாள்.

மருந்துக்கடைக்காரர் அவர்களுடைய நெடுநாள் வாடிக்கையாளர். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்த கண்ணாடியே அவள் கணவன் மாட்டிவிட்டதுதான்.

"வா தங்கச்சி. விஷயம் கேள்விப்பட்டேன், ரொம்பச் சந்தோஷம். மாமனாருக்குத் தலைகால் புரியாதே?"

"ஆமாண்ணே. தொட்டில் எங்க போடறதுன்னு இப்பவே சுவரை அளந்துட்டுப் போயிருக்காரு."

"அவருக்கு இப்ப எப்படி இருக்கு? தடையில்லாம போகுதா?"

"எது?"

அவர் இருபுறமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணுக்குத்தான். வயசான ஆம்பளைங்களுக்கு வர்றதுதானே, இதுல வெட்கம் என்ன? உன் வீட்டுக்காரர் மாசாமாசம் தவறாம வந்து, 'அப்பாவுக்கு'ன்னு வாங்கிட்டுப் போறாரு. இந்தக் காலத்துல இப்படியொரு பிள்ளை கிடைக்கணுமே."

பேசிக்கொண்டே இழுப்பறையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் காட்டினார். நீல மாத்திரைகள்.

"நல்லவேளை நீயே வந்தே. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். இதை மாமாவுக்கு நீ எடுத்துக் கொடுக்காதே. முழுசா இருந்தா பரவாயில்லை, மேல பூச்சு இருக்கு. உடைஞ்சதை, தூளானதை, கையாலகூடத் தொடக்கூடாது. வயித்துல இருக்கறது ஆண் குழந்தையா இருந்தா, அதோட உறுப்பு சரியா உருவாகாம போயிடலாம்."

மாஸ்டர் தன் வலக்கைச் சுட்டுவிரலைப் பார்த்தாள். அன்று காலையில்கூட அந்த விரல் நாக்குக்கும் பலகைக்கும் நடுவில் போய்வந்திருந்தது. கேட்டு வந்த மாத்திரையை வாங்காமலே படியிறங்கினாள்.

கண்ணாடிக் கடையில் நடுவயது அம்மாள் ஒருவர் பிரேம் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்காரன் வழக்கம்போல் துடைத்துக்கொண்டிருந்தான். வில்லையில் ஒரு விரல் தடம் இருந்தாலும் அவனுக்குப் பொறுக்காது. மடித்த மெல்லிய துணி எந்நேரமும் மேல்சட்டைப் பையில் இருக்கும். விற்பனைக்குள்ள கண்ணாடிகளைத் துடைத்து முடித்தால் தன் கண்ணாடியைத் துடைப்பான்.

மாஸ்டர் வாடிக்கையாளர் முக்காலியில் உட்கார்ந்தாள்.

"மாமாவுக்கு ஒண்ணுக்குப் போறதுல ஏதாவது கஷ்டமா?"

அந்த அம்மாள் பிரேமைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தார்.

"அப்பாவுக்கா? இல்லையே. ஏன்?"

"ஒரு வருஷமா மருந்து சாப்பிடறாராமே. நீல மாத்திரை."

துடைத்துக்கொண்டிருந்த துணி நின்றது. "நான் அப்புறமா வர்றேன்" என்று எழுந்த அம்மாள், அங்கேயே இருந்துவிட விரும்பும் முகத்துடன் வெளியேறினார்.

மருந்துக்கடையில் கேட்டதை மாஸ்டர் ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். அவன் கையிலிருந்த கண்ணாடியை மேசைமேல் வைத்தான்.

"நான்தானே சாப்பிடறேன், உனக்கு என்ன ஆகப்போகுதுன்னு நெனச்சேன்."

"எனக்கு ஒண்ணும் ஆகலை."

"மாஸ்டர்…"

"அண்ணன்கிட்ட முடிக்குன்னு சொல்லியிருந்தா, வீட்ல பொம்பளைங்க இருக்காங்களான்னு அவரே முதல் நாளே கேட்டிருப்பாரு. மாமாவுக்குன்னு சொன்னீங்க, அதனால கேட்கலை. எழுபது வயசு ஆம்பளையோட மாத்திரையை யாரு கத்தி வெச்சு நறுக்கி, நாக்கால தொட்டுத் தடவிவிடப் போறா?"

"சொல்ல வெட்கமா இருந்துச்சு. அவர்கிட்ட சொன்னா சாயங்காலத்துக்குள்ள தெரு முழுக்கத் தெரிஞ்சுடும்."

"பெத்த அப்பாவுக்கு மூத்திர வியாதின்னு சொல்ல மட்டும் வெட்கமா இல்லை."

அவன் எழுந்துவந்து அவளுடைய வலக்கையைப் பிடித்தான். வில்லைகளைக் கழுவும் தொட்டியருகே அழைத்துச் சென்று, குழாயைத் திறந்து, அந்தச் சுட்டுவிரலைச் சோப்பிட்டுக் கழுவினான். ஒருமுறை கழுவி, போதாதென்று இன்னொருமுறையும் கழுவினான். அதனால் பயனில்லை என்பது இருவருக்கும் தெரியும். இருந்தும் அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் மகப்பேறு மருத்துவரைப் பார்த்தார்கள். தலை நரைத்த, அளந்து பேசும் அம்மையார் அவர்.

"நாக்காலயா?" என்று மட்டும் இடையில் ஒருமுறை கேட்டார்.

"தொழில் பழக்கம் டாக்டர்."

மருத்துவர் எழுந்து நின்றார். பொத்தான் போடாமல் திறந்திருந்த தம் வெள்ளைக் கோட்டின் இரு முன்பக்கங்களையும் பிடித்துக் காட்டினார்.

"ஆரம்பத்துல ஆண் பெண் ரெண்டுக்கும் ஒரே உருவம்தான். மூணாம் மாசத்தை ஒட்டி, ஆணா இருந்தா, ரெண்டு பக்கத்து மடிப்பும் இப்படிக் கீழேயிருந்து சேர்ந்துக்கிட்டே நுனிவரைக்கும் வரணும். அப்பதான் சிறுநீர்ப் பாதை நுனியில வந்து திறக்கும். சேருன்னு உத்தரவு போட ஒரு ஹார்மோன் இருக்கு. அது உருவாகறதைத்தான் உங்க மாத்திரை தடுக்குது. உத்தரவு சரியா வரலைன்னா, சேர்றது பாதியில நின்னுடும். திறப்பு நுனியில இல்லாம கீழே தங்கிடும்."

"சட்டைப் பட்டியில தையல் நடுவுல விட்டுப்போற மாதிரி" என்றாள் மாஸ்டர்.

"அதேதான்."

கண்ணாடிக்காரன் தயங்கிக் கேட்டான். "முடிக்கும் அதுக்கும் என்ன டாக்டர் சம்பந்தம்?"

"வளர்ந்தப்புறம் தலையில முடியைக் கொட்டவைக்கறதும் அதே ஹார்மோன்தான்."

மகனின் மடிப்புகளைச் சேர்க்க வேண்டியதும் தந்தையின் உச்சியில் வட்டம் வரைந்ததும் ஒன்றே என்னும் செய்தி அவனுக்குள் இறங்கச் சற்று நேரம் பிடித்தது. அவன் கை தானாகத் தலைக்குப் போய், பாதியில் திரும்பியது.

"பயப்படாதீங்க" என்றார் மருத்துவர். "தூள்தான். உள்ள போனது ரொம்பக் கொஞ்சமா இருக்கும். பொண்ணா இருந்தா இந்தக் கவலையே இல்லை. ஆணா இருந்தாலும் ஒண்ணும் ஆகாம இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆனா ஆகவே ஆகாதுன்னு சத்தியம் பண்ணித் தரமாட்டேன்."

"எப்ப தெரியும்?"

"பெருசா ஏதாவது இருந்தா ஸ்கேன்ல தெரியலாம். சின்னதா இருந்தா, பொறந்தப்புறம் கண்ணால பார்த்தாத்தான்."

பிறகு அவர் பட்டறையைப் பற்றி விசாரித்தார். துணியில் எண்ணெய்க் கறை பட்டால் தெளித்து நீக்கும் திரவம் மாஸ்டரின் மேசைக்குப் பக்கத்திலேயே இருப்பதை அறிந்து, அதைத் தள்ளி வைக்கச் சொன்னார். கேட்காமல் எந்த வலிமாத்திரையும் வேண்டாம். சூடான உணவைப் பிளாஸ்டிக்கில் போட வேண்டாம்.

"எனக்கு எதுவும் தெரியலையே டாக்டர். நல்லாத்தானே இருக்கேன்."

"ஒரு காலத்துல, கரு கலையாம இருக்கணும்னு ஒரு மருந்தை அம்மாக்களுக்குக் கொடுத்தாங்கம்மா. அம்மாக்கள் நல்லாத்தான் இருந்தாங்க. வயித்துல இருந்த பொண்ணுங்க வளர்ந்து ஆளானப்புறம்தான் அவங்க கர்ப்பப்பையில கோளாறு தெரிஞ்சுது. சிலருக்குப் புற்றுநோய். அதனால அம்மா நல்லாயிருக்கறதை மட்டும் வெச்சு நாங்க எதையும் முடிவு பண்றதில்லை."

அன்று மதியச் சாப்பாட்டுக்கு வந்த தந்தையிடம் மகன் நடந்ததை ஒப்புக்கொண்டான். அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"அதான் அந்த மருந்துக்கடைக்காரன் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஓட்டம் எப்படி இருக்குன்னு கேட்டானா? நான் பஸ்ஸைக் கேட்கறான்னு நெனச்சு, 'அது நின்னு பல வருஷமாச்சுப்பா'ன்னேன். பாவம், கையைப் பிடிச்சுக்கிட்டு அழாத குறை."

மாஸ்டர் சிரித்துவிட்டாள். முந்தைய நாளிலிருந்து அடக்கிவைத்திருந்த அழுகையும் அதன் பின்னாலேயே வந்தது. கிழவர் பொறுத்திருந்து, அவள் கண்ணைத் துடைத்த பிறகு பேசினார்.

"அம்மாடி, இவனைத் தலையில குட்டணும்னா சொல்லு. நான் முடியைப் பிடிச்சுக்கறேன். இப்ப பிடிக்கறதுக்கு வசதியாத்தான் இருக்கு."

"இருக்கட்டும் மாமா. எப்படியும் கொட்டத்தானே போகுது."

கொட்டியது. மாத்திரையை நிறுத்திய சில மாதங்களில், ஓராண்டாகக் காத்திருந்த முடியெல்லாம் வரிசையில் நின்று விடைபெற்றது. அதற்கு முன்பே கண்ணாடிக்காரன் மருந்துக்கடைக்குப் போய், மற்ற வாடிக்கையாளர்கள் நின்றிருக்கும்போதே, மாத்திரை அப்பாவுக்கு அல்ல, தன் முடிக்குத்தான் என்று சொல்லிவிட்டு வந்திருந்தான். அவன் அஞ்சியபடியே சாயங்காலத்துக்குள் தெரு முழுவதும் தெரிந்துவிட்டது.

வீட்டில் பிளாஸ்டிக் டப்பாக்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. புதிதாக எது வந்தாலும் அவன் முதலில் முகர்ந்து பார்த்தான். தரை கழுவும் திரவம், கொசுவுக்கு அடிக்கும் மருந்து, கதவுக்குப் பூசிய வண்ணத்தில் மீந்தது எல்லாம் படியிறங்கின.

"என்னையும் முகர்ந்து பார்த்து வெளிய வெச்சுடாதீங்க" என்றாள் மாஸ்டர்.

பட்டறையில் அவளுடைய மேசை சன்னலருகே நகர்ந்தது. கறை நீக்கும் வேலை பின்முற்றத்துக்குப் போனது. முதலாளி முணுமுணுத்தார். மாஸ்டர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள், முணுமுணுப்பு அடங்கியது.

ஸ்கேனில் பெரிய குறை எதுவும் தென்படவில்லை. சிறிய குறையைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடிக்காரன் அவ்வப்போது கேட்பான்: "கோபமா?"

"கோபத்துக்கு நாள் குறிச்சு வெச்சிருக்கேன். குழந்தை பொறக்கட்டும்."

ஒரு முற்பகலில் குழந்தை பிறந்தது. ஆண். குளிப்பாட்டிச் சுற்றிக் கொண்டுவந்த துணியை மருத்துவர் தம் கையாலேயே விலக்கினார். மூவரும் குனிந்து பார்த்தார்கள். எல்லாம் இருந்தன, இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. ஒன்று மட்டும் சற்றே பிசகியிருந்தது. திறப்பு நுனியில் இல்லை. அதற்குச் சிறிது கீழே, நெல் நுனியளவு கீறலாக இருந்தது.

"ரொம்பச் சின்னதுதான்" என்றார் மருத்துவர். "ஒரு வயசு வாக்குல அறுவை செஞ்சு சரி பண்ணிடலாம். பின்னாடி குடும்பம், குழந்தை எதுக்கும் இதனால தடை வரக்கூடாது."

"மாத்திரையாலயா?" என்று கண்ணாடிக்காரன் கேட்டான்.

"தெரியாது. எந்த மாத்திரையையும் கண்ணால பார்க்காதவங்களுக்கும் இப்படிப் பொறக்குது. அபூர்வமே இல்லை. உங்க தூளாலதான்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது."

"எப்பவாவது தெரியவருமா?"

"வராது."

மருத்துவர் போன பிறகு அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். அதில் எந்தத் தடமும் இல்லை. குற்றவாளி என்று தீர்ப்பு வந்திருந்தால் தண்டனையை ஏற்றுக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பான். அதற்கும் வழியில்லாமல் போய்விட்டது.

"நாள் குறிச்சு வெச்சிருந்தியே மாஸ்டர். சொல்லு."

அவள் குழந்தையின் உள்ளங்காலைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டிருந்தாள்.

"வாங்கினது நீங்க. வெட்டினது நான். ரெண்டு பேரும் தெரியாமத்தான் செஞ்சோம். தெரிஞ்சு செஞ்சது அந்தப் பொய் ஒண்ணுதான், அதை நீங்களே மருந்துக்கடையில எல்லார் முன்னாடியும் சொல்லிட்டீங்க. இனிமே கோபப்பட்டா அது கடைசியில இவன் மேலதான் வந்து விழும்." பிறகு சொன்னாள்: "நனைச்சுட்டான். அந்தத் துணியை எடுங்க."

தாத்தா குழந்தையைப் பொத்தான் என்று கூப்பிட்டார். வைத்த பெயர் வேறு. அது பிறப்புச் சான்றிதழோடு நின்றுவிட்டது. பொத்தான் கவிழ்ந்தான், தவழ்ந்தான், தாத்தாவின் தலையைப் பந்தென்று கருதி இரு கைகளாலும் தட்டினான். சிறுநீர் மட்டும் கீழ்நோக்கிச் சிதறி, தொடையெல்லாம் நனைத்தது.

அறுவை மருத்துவர் இளைஞர். படம் வரைந்து விளக்கத் தொடங்கியவரை மாஸ்டர் இடைமறித்தாள்.

"துணி பத்துமா டாக்டர்?"

"என்ன?"

"பாதையை நுனிவரைக்கும் நீட்டணும்னா தோல் வேணுமே. எங்கேயிருந்து எடுப்பீங்க?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "பக்கத்துலேயே எடுத்துக்கலாம். முன்தோலை வெட்டாம விட்டிருக்கீங்க, நல்லதாப் போச்சு. அது போதும்."

"தையல் சுருக்கம் விழுமா?"

"சில பேருக்குச் சுருங்கும். சில பேருக்கு நடுவுல கசியும். அப்ப மறுபடியும் திறந்து தைக்க வேண்டியிருக்கும். இவனுக்குத் தூரம் குறைவு, அப்படி ஆக வாய்ப்புக் கம்மி."

"நூல்?"

"தானாக் கரைஞ்சுடும்."

மாஸ்டர் சற்று யோசித்துத் தலையசைத்தாள். வெளியே வரும்போது கண்ணாடிக்காரன், "வேலைக்கு ஆள் எடுக்கற மாதிரி கேட்டியே" என்றான்.

"கேட்டு வாங்கியிருந்தா உங்க மாத்திரையே வீட்டுக்குள்ள வந்திருக்காது."

அவன் அவளுடைய கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டான்.

அறுவை நடந்தது. மெல்லிய குழாய் ஒன்று சில நாள் உள்ளே இருந்தது. அதை எடுத்த காலையில், முதல் முறை சிறுநீர் எப்படிக் கழிக்கிறான் என்று பார்த்துச் சொல்லும்படி கூறிவிட்டுத் தாதி அகன்றார். பொத்தான் கட்டிலில் மல்லாந்து, இடுப்புக்குக் கீழே எதுவும் இல்லாமல், மூன்று பெரியவர்கள் தன்னை இவ்வளவு மரியாதையுடன் நோக்குவதன் காரணம் விளங்காமல் கிடந்தான். தாத்தா கரண்டி கரண்டியாகத் தண்ணீர் புகட்டினார்.

"போதும் மாமா. குளமா வெட்டப்போறீங்க?"

"டேங்க்கை நிரப்பாம வண்டியை எடுக்கச் சொல்றியே, அம்மாடி."

கண்ணாடிக்காரன், வில்லையில் கீறலைத் தேடும்போது குனிவதுபோல் முகத்தை மிக அருகில் கொண்டுபோயிருந்தான். சன்னல் வெளிச்சம் அவன் உச்சந்தலையில் விழுந்து, தடையேதும் இன்றித் திரும்பியது. தையல் வீங்கிச் சிவந்திருந்தது. கசியுமோ, மறுபடியும் திறக்க வேண்டிவருமோ என்று அவன் மூச்சை அடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பொத்தானின் முகம் சிவந்தது. எரிந்திருக்க வேண்டும், உதடு பிதுங்கி, அழுகை தொடங்கியது. அழுகையுடன் அதுவும் வந்தது. நடுவில் எங்கும் கசியாமல், சிதறாமல், நுனியிலிருந்து ஒரே கம்பியாக எழுந்து வளைந்து, தந்தையின் இரு வில்லைகளிலும் பட்டு வழிந்தது.

தாத்தா கரண்டியை வைத்துவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மாஸ்டர் பொத்தானை வாரியெடுத்து, அழுகை ஓயும் வரை முதுகைத் தட்டினாள். பிறகு கணவனைப் பார்த்தாள்.

"துடைச்சுக்கோங்க."

"இருக்கட்டும் மாஸ்டர்."

அவன் அப்படியே நின்றான். மேல்சட்டைப் பையில் மெல்லிய துணி மடித்தது மடித்தபடி இருந்தது.